சித்தன்னவாசல் போற வழியில ஒரு இடுகாடு

சித்தன்னவாசல்னா நமக்கு அந்தத் தாமரைக்குள ஓவியம்தான். 9ஆம் நூற்றாண்டு. பார்த்துட்டு, போட்டோ எடுத்துட்டுத் திரும்பிடுறோம். ஆனா மலைக்குப் போற வழியிலேயே, புதருக்கு நடுவுல வட்டம் வட்டமா கல் கிடக்கும். அது இடுகாடு. வயசு 2,000 வருஷத்துக்கும் மேல.

வட்டத்துக்கு நடுவுல, மண்ணுக்கடியில பலகைக் கல்லை நிறுத்தி அறை மாதிரி கட்டியிருப்பாங்க. மேல ஒரு மூடுகல். ஒரு பலகையில மட்டும் வட்டமா ஓட்டை. ஆவி வந்துபோகன்னு சிலர் சொல்றாங்க. பின்னாடி இறந்தவங்க எலும்பை உள்ள வைக்கன்னு சிலர். எனக்கு ரெண்டாவதுதான் சரின்னு படுது, அடுத்தவருக்கும் இடம் விட்ட வீடு மாதிரி.

புறநானூற்றின் 256ஆம் பாட்டுல, கணவனை இழந்த ஒருத்தி குயவர்கிட்ட கேட்கிறா: தாழியை எனக்கும் சேர்த்து அகலமா செய்யுங்க. புதுக்கோட்டையில் வேலை பார்த்த தொல்லியல் அறிஞர் கே.ஆர். சீனிவாசன், இப்படிப்பட்ட சங்கப் பாட்டுகளையும் இந்தக் குழிகளையும் பக்கத்துல வச்சு 1946ல ஒரு கட்டுரையே எழுதினார்.

கல்வட்டத்துல பேர் கிடையாது. பேர் வெட்டின கல்லறைன்னா கை வைக்க யோசிப்பாங்க. பேரில்லாத கல்லு ஜல்லியாகுது, வரப்பாகுது. தமிழ்நாட்டுல இப்படிப் போன இடுகாடுகள் ஏராளம். சித்தன்னவாசல்ல இன்னும் இருக்கு. அடுத்த தடவை போறப்போ வண்டியை ஓரமா நிறுத்துங்க. மூடுகல் மேல ஏறி செல்ஃபி வேண்டாம். கறுப்பு-சிவப்பு ஓடு கண்ணுல பட்டா, கிடந்த இடத்திலேயே விட்டுடுங்க.