‘கோயட்’ சொன்ன குழந்தை புத்திசாலி!

நடுவர் அவர்களே! எதிரணியில் அனல் பறக்கப் பேசி அமர்ந்திருக்கிற நண்பர்களே! வீட்டில் குடும்பத்தோடு பார்த்துக் கொண்டிருக்கிற தாய்மார்களே!

பிள்ளைகள் இங்கிலீஷ் பேசத் தயங்கக் காரணம் இலக்கணமா, நம்முடைய கேலியா? இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? “வாக் என்றால் வாக்ட். ப்ளே என்றால் ப்ளேய்ட். சரி. ‘கோ’வுக்கு ஏன்யா ‘வென்ட்’? இன்னிக்கு வச்சாலும் ‘புட்’டு, நேத்து வச்சாலும் ‘புட்’டு! கடலைக்கறிதான் பாக்கி!” என்றார். (சிரிப்பு)

ஐயா, ஒரு கல்யாண வீடு. ஆறு வயசுப் பொண்ணு. ஒரு பெரியவர், “நேத்து எங்கே போனே கண்ணு? இங்கிலீஷ்ல சொல்லு பாப்போம்”னார். அது, “ஐ கோயட் டு டெம்பிள்”னு சொல்லிச்சு. பந்தலே சிரிச்சுது. பிள்ளை அம்மா முந்தானைக்குள்ள ஒளிஞ்சது. பந்தி முடியிற வரைக்கும் வாயே திறக்கலை. அந்த வாயை மூடினது இலக்கணமாய்யா? (கைதட்டல்)

இங்கிலீஷையே தாய்மொழியாகக் கொண்ட குழந்தையும் இதைத்தான் செய்யுது! முதலில், கேட்டபடி ‘வென்ட்’ என்று சரியாகச் சொல்லும். மூன்று வயசு வாக்கில், திடீரென்று ‘கோ’வுக்கும் ‘எட்’ சேர்த்துவிடும். அறிவு குறைஞ்சு போச்சா? இல்லை! வினைக்குப் பின்னால் ‘எட்’ என்று ஒரு வால் கட்டினால் நேற்றைய கதை என்ற விதியைத் தானே கண்டுபிடித்துவிட்டது! கிளி, சொல்லிக் கொடுத்ததைத்தான் சொல்லும். ‘கோயட்’டை யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

1958-ல் அமெரிக்காவில் ஜீன் பெர்கோ என்ற அம்மையார், இல்லாத வார்த்தைகளை உண்டாக்கி, 4 முதல் 7 வயசுப் பிள்ளைகளிடம் கேட்டார். “இந்த ஆளுக்கு ‘க்ளிங்’ பண்ணத் தெரியும். நேத்தும் அதையே பண்ணினான். என்ன பண்ணினான்?” பெரும்பாலான பிள்ளைகள் ‘க்ளிங்ட்’ என்றார்கள். மனப்பாடம் பண்ணியா சொன்னார்கள்?

‘வென்ட்’ கதை தெரியுமா? அது ‘கோ’ பெற்ற பிள்ளையே இல்லை. போவதைக் குறிக்கிற வேறொரு பழைய வினையின் பிள்ளை. ‘கோ’ தத்து எடுத்துக்கிச்சு. ஜாடை எப்படிய்யா இருக்கும்? (சிரிப்பு) அந்தக் காலத்தில் ‘ஹெல்ப்’புக்கு இறந்தகாலம் ‘ஹோல்ப்’. இன்றைக்கு ‘ஹெல்ப்ட்’. யாரோ வால் கட்டினார்கள், அதுவே இலக்கணமாச்சு!

ஆகவே தாய்மார்களே, பிள்ளை ‘கோயட்’ என்றால் சிரிக்காதீங்க. “அப்படியா? யூ வென்ட் டு டெம்பிளா? அங்கே என்ன பார்த்தே?” என்று பேச்சைத் தொடருங்க. கேட்கக் கேட்க ‘கோயட்’ ஒருநாள் ‘வென்ட்’ ஆகிவிடும். ஆனால், கேலியால் மூடின வாய் தானாகத் திறக்காதய்யா!

காரணம் கேலியே என்று நல்ல தீர்ப்பு வழங்க வேண்டி அமர்கிறேன்.