அத்தாவின் கடைக்கு அப்பால்

(கள்ளக்குறிச்சியில் வியாபாரிகளும் இளைஞர்களும் கூடிய அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பையன் ஒருவனைக் கூப்பிட்டு, "பெரியவனானதும் என்ன செய்வாய்?" என்று கேட்டுப் பாருங்கள். டாக்டர், போலீஸ், டீச்சர் என்பான். இல்லாவிட்டால் "அத்தா கடையில் உட்காருவேன்" என்பான். கொஞ்சம் விவரமானவன் "துபாய்க்குப் போவேன்" என்பான். பட்டியல் அதோடு முடிந்தது! பெண் பிள்ளையிடம் கேட்டால் அந்தப் பட்டியலும் பாதியாகி விடும்.

குற்றம் பிள்ளையுடையதா? கண்ணால் கண்டதைத்தானே சொல்லும்? 2018இல் இங்கிலாந்து அமைப்பு ஒன்று பல நாடுகளில் 7 முதல் 11 வயது வரையுள்ள 20,000க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம், தாங்கள் விரும்பும் வேலையைப் படமாக வரையச் சொன்னது. பள்ளிக்கு வந்து பேசிய ஒருவர் மூலம் அந்த வேலையை அறிந்ததாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு ஒருவர் கூட இல்லை. சொந்தக்காரர், அக்கம்பக்கத்தார், தொலைக்காட்சி, இவைதான் அவர்களுக்கு வழிகாட்டி. அங்கேயே அந்த நிலை என்றால் நம் ஊரில் எப்படி இருக்கும்?

"பச்சைப் பிள்ளைகளிடம் தொழிலைப் பற்றிப் பேசுவதா? இது குலக்கல்வி ஆயிற்றே!" என்று சிலர் கேட்கக் கூடும். நியாயமான கேள்வி. 1953இல் ராஜாஜி கொண்டு வந்த திட்டம் கிராமப் பிள்ளைக்குப் பள்ளி நேரத்தைச் சுருக்கி, மிச்ச நேரத்தில் தகப்பன் தொழிலைக் கற்கச் சொன்னது. தமிழகமே கொந்தளித்தது. காமராசர் முதல்வரானதும் 1954இல் அது கைவிடப்பட்டது. நாம் சொல்வதோ அதற்கு நேர் எதிரானது. தகப்பன் செய்யாத தொழில்களைப் பிள்ளைக்குக் காட்டுங்கள் என்கிறோம். வேலை வாங்குவது வேறு, வேலையைக் காட்டுவது வேறு. 14 வயதுக்கு உட்பட்டவரை வேலைக்கு வைப்பதைத் தடை செய்த 2016ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு வாசலைத் திறந்தே வைத்திருக்கிறது. அந்த வாசல் வழியாகத்தான் நம் பையன்கள் சாயங்காலம் கல்லாப்பெட்டி அருகே உட்கார்ந்து, அதையே உலகம் என்று நம்பி விடுகிறார்கள்.

இனி மலையைப் பாருங்கள். 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த கல்வராயன் மலை அது. அங்குள்ள மலையாளிப் பழங்குடிப் பிள்ளை மரவள்ளிக் காட்டைப் பார்க்கிறது, கடுக்காய் பொறுக்குவதைப் பார்க்கிறது. "வெளியூரில் வேலை இருக்கிறது" என்று மலையேறி வந்து சொல்பவன் யார்? புரோக்கர்! செம்மரம் வெட்ட ஆள் பிடிப்பவனும் அவன்தான். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீசார் சுட்டு 20 தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் மாண்டார்களே, அவர்களில் பலர் இது போன்ற மலைக் கிராமத்தவர். 2024 ஜூனில் இங்கே கருணாபுரத்தில் விஷச் சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த பிறகுதான் சென்னை உயர்நீதிமன்றம் கல்வராயன் மக்களின் நிலையைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது.

பள்ளிக்கூடம் இல்லாமல் இல்லை. வெள்ளிமலையில் ஏகலைவா உண்டு உறைவிடப் பள்ளி இருக்கிறது. அது 6ஆம் வகுப்பில் தொடங்குகிறது. 2022இல் வந்த 'நான் முதல்வன்' திட்டமும் மேல் வகுப்பு, கல்லூரி மாணவர்களுக்கானது. அதற்குள் எத்தனை பிள்ளைகள் "நமக்கு இவ்வளவுதான்" என்று முடிவு கட்டி விடுகின்றன! 2007இல் நமக்கு 3.5 விழுக்காடு இட ஒதுக்கீடு கிடைத்தது. மலை மக்களுக்கு 1 விழுக்காடு இருக்கிறது. இப்படி ஒரு வேலை உண்டு என்பதே தெரியாத பிள்ளை எந்த ஒதுக்கீட்டில் போய் நிற்கும்?

வியாபாரப் பெருமக்களே! இதற்குப் பெரிய திட்டம் வேண்டாம். உங்கள் மளிகைக் கடையே போதும். நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பத்துப் பேரை ஒரு மணி நேரம் உள்ளே விடுங்கள். தராசில் இருக்கும் முத்திரையைக் காட்டுங்கள். "இதை யார் போட்டது?" என்று கேட்கும். முத்திரை ஆய்வாளர் என்று ஒருவர் இருப்பது அன்றுதான் தெரியும். எண்ணெய் டின்னில் உரிம எண் இருக்கிறது. அதன் பின்னால் உணவுப் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். ஜிஎஸ்டி கணக்குக்கு ஆடிட்டர், தராசு பழுதானால் மெக்கானிக், சரக்கு வரும் லாரிக்கு புக்கிங் ஆபீஸ். ஒரே கடையில் எத்தனை பிழைப்பு, எண்ணிப் பாருங்கள்!

கச்சிராயபாளையம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையில் கரும்புச் சாற்றைச் சோதிக்கும் வேதியியலாளர் உண்டு. நம் ஊர் மரச் சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உளி பிடிக்கும் கையையும் பிள்ளைகள் பார்க்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக ஜவ்வரிசி ஆலை. மரவள்ளிக் கிழங்கை ஆலையில் மாவுச்சத்துப் 'பாயிண்ட்' பார்த்துத்தான் விலை போடுகிறார்கள். கிழங்கு பிடுங்கிய தகப்பனுக்கு அந்தப் பாயிண்ட் எப்படி அளக்கப்படுகிறது என்று தெரியுமோ தெரியாதோ! வெள்ளிமலைப் பிள்ளை ஒன்று அதைக் கண்ணால் பார்த்து விட்டால் ஒரு தொழிலையும் தெரிந்து கொள்ளும், தன் வீட்டுக் கிழங்கு எப்படி விலை போகிறது என்பதையும் தெரிந்து கொள்ளும். இதை விரும்பாத வியாபாரி இருக்கலாம். நாணயமாக அளப்பவருக்கு என்ன பயம்?

இளைஞர்களே! உங்களில் நர்சு, எலக்ட்ரீஷியன், வங்கி ஊழியர், கணினிப் பொறியாளர் எல்லாம் இருக்கிறீர்கள். விடுமுறையில் ஊருக்கு வரும்போது படித்த தொடக்கப் பள்ளிக்கு ஒரு காலை நேரம் கொடுங்கள். சம்பளத்தைப் பற்றிப் பேச வேண்டாம். காலை முதல் மாலை வரை என்ன செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள், கருவியைக் கையில் கொடுத்துக் காட்டுங்கள். சகோதரிகள் அவசியம் போக வேண்டும்.

தலைமை ஆசிரியரின் அனுமதியும் பெற்றோரின் சம்மதமும் இல்லாமல் யாரும் பிள்ளைகளை அழைத்து வரக் கூடாது. வரும் பிள்ளையிடம் ஒரு பொட்டலத்தைக் கூட மடிக்கச் சொல்லக் கூடாது. மலையிலிருந்து இறங்கி வரும் பிள்ளைகளுக்குப் பஸ் செலவும் மதியச் சாப்பாடும் நம் பொறுப்பு. இடம் தர விரும்புவோர் கடைப் பெயர், கூட்டம் குறைவான நேரம், ஒரே சமயத்தில் எத்தனை பிள்ளைகள் நிற்க இடமிருக்கிறது என்பவற்றை ஒரு தாளில் எழுதி, வெளியே போகுமுன் மேடையில் கொடுத்து விடுங்கள்.