குழாய்க்கும் வயது உண்டு

(புருசெத்தில் நடைபெற்ற சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"தம்பி, பிளேனிலை உனக்கு என்ன வேலை?" என்று இங்கே பலர் கேட்பதுண்டு. கார்டர்மூனில் இறங்கும் பெரிய விமானங்களை நினைத்துத்தான் கேட்கிறார்கள். என் வேலை இரண்டு பேர், நாலு பேர் ஏறும் சின்ன விமானங்களில். இங்கிருந்து நேர்கோட்டில் பத்துக் கிலோமீற்றருக்குள் இருக்கிற ஷெல்லர், 1912இல் தொடங்கின பழைய பறப்புத் தளம். அங்கே பறந்த செஸ்னா, பைப்பர் போன்றவைதான் நான் சொல்லும் சாதி. அவற்றின் எரிபொருள் குழாயையும் எண்ணெய்க் குழாயையும் பற்றி மட்டும் இன்று பேசுகிறேன்.

உங்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை இது. 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை. பெற்றோல் இல்லை. மோட்டார் சைக்கிளைச் சூப்பிப் போத்தலில் இருந்த நாலு துளி பெற்றோலால் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினோம். குழாய் போனால் சேலைன் ரியூப்பைச் செருகினோம். அது கொஞ்ச நாளில் மஞ்சளாகி, விறைத்து, வெடிக்கும். வெடித்த இடத்தை வெட்டிவிட்டுத் திரும்பவும் இழுத்து மாட்டுவோம். எனக்கு அந்தக் கெட்டித்தனத்தில் இப்பவும் பெருமைதான். றோட்டில் நின்றால் உருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் பாருங்கோ. ஆகாயத்தில் உருட்ட ஏலாது.

சின்ன விமானத்தின் எஞ்சின் ஓடும்போது நடுங்கிக்கொண்டே இருக்கும். அது பொருத்தப்பட்ட சுவர் அவ்வளவு நடுங்காது. இரும்புக் குழாயை நேரே பூட்டினால் முறிந்துபோகும், அதனால்தான் இடையில் வளையும் குழாய். எரிபொருளைப் பம்புக்கும் கார்புரேட்டருக்கும் கொண்டு போவது ஒன்று. எண்ணெயைக் குளிரூட்டிக்குக் கொண்டு போய்த் திரும்பக் கொண்டு வருவது இன்னொன்று. பக்கத்திலேயே புகைபோக்கி கொதித்துக்கொண்டு கிடக்கும். நாலு சிலிண்டர் லைகொமிங் எஞ்சின் ஒன்றில் ஏழரை லீற்றர் அளவு எண்ணெய் இருக்கும். குழாய் வெடித்தால் அது சில நிமிடத்தில் வெளியே போய்விடும். எஞ்சின் இறுகி நிற்கும். சூடான புகைபோக்கியில் பட்டால் நெருப்பு.

பரிசோதிக்கும்போது கண்ணை மட்டும் நம்பக் கூடாது. விமானப் பெற்றோலுக்கு நீலச் சாயம் போட்டிருப்பார்கள். மூட்டில் நீலக் கறை தெரிந்தால் அங்கே கசிவு. குழாயின் நீளத்துக்கு ஒரு கோடு அச்சடித்திருக்கும், அது முறுக்கிப் போயிருந்தால் பூட்டினவன் குழாயையும் சேர்த்து முறுக்கிவிட்டான். சில குழாய்களுக்கு மேலே செங்கல் நிற நெருப்புக் காப்புறை இருக்கும். அது எண்ணெயில் ஊறியிருந்தால் உள்ளே பார்க்க வேண்டும். உராய்வு, வீக்கம், வெடிப்பு எல்லாவற்றையும் கையால் தடவித்தான் அறிய வேண்டும்.

ஆனால் இவை எல்லாம் வெளிப்பக்கம். றபர் சூட்டிலும் எண்ணெயிலும் கிடந்து உள்ளேயிருந்துதான் விறைக்கிறது. உள்தோல் உரிந்து ஒரு நாக்குப் போல தொங்கினால், வெளியே புதுக் குழாய் மாதிரி இருக்கும், உள்ளே வழியை அடைத்துவிடும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். இடத்தின் பெயர் வேண்டாம். வேலைக்குச் சேர்ந்து அதிக காலம் இல்லை. ஒரு விமானத்தின் வருடாந்தப் பரிசோதனை. எண்ணெய்க் குழாயைத் துடைத்துப் பார்த்தேன், பளபளவென்று இருந்தது. "நல்லாயிருக்கு" என்று எழுதினேன். அதற்குப் பின்னால் இருந்த ஒரு பாகத்தைக் கழற்ற இடம் போதவில்லை. குழாயைக் கையால் வளைத்து ஒதுக்கினேன், வேலை முடிந்ததும் நிமிர்த்தி விட்டேன். சொந்தக்காரர் தன் மகளோடு வந்து வெளியே நின்றார். மத்தியானம் அவளை ஏற்றிக்கொண்டு பறக்கப் போகிறாராம். நிலத்தில் எஞ்சினை ஓட்டிப் பார்த்தோம். இரண்டு நிமிடம் போயிருக்காது, கீழே பனியில் கறுப்பாக எண்ணெய். நான் நிமிர்த்தின இடத்திலேயே பிளந்திருந்தது.

பெரிய மெக்கானிக் என்னை ஏசவில்லை. குழாயில் இருந்த சின்னத் தகட்டைக் காட்டி, "வாசித்தாயா?" என்று மட்டும் கேட்டார். செய்த ஆண்டும் காலாண்டும் அதில் பொறித்திருந்தது. பதினொரு வயதுக் குழாய். நான் வாசிக்கவில்லை. அந்தப் பிள்ளை ஜன்னலால் கை காட்டினது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

செஸ்னா நிறுவனத்தின் கையேடுகள் எஞ்சின் பகுதி றபர் குழாய்களை 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கின்றன. ரெப்லோன் குழாய்க்கு 10 ஆண்டு. இடையில் எஞ்சினைப் பிரித்துப் புதுப்பித்தால் அப்போதே மாற்ற வேண்டும். ரொட்டாக்ஸ் எஞ்சின்காரருக்கும் றபர் 5 ஆண்டுதான். பைப்பர் விமானங்களின் எண்ணெய்க் குளிரூட்டிக் குழாய்கள் பற்றி அமெரிக்க அதிகாரிகள் 95-26-13 என்ற இலக்கத்தில் கட்டளையே போட்டார்கள்: 8 ஆண்டு அல்லது 1,000 மணித்தியாலம், எது முந்தியோ அது. கூடிய தரமான குழாய் பூட்டினால் அந்தத் தொல்லை இல்லை. "நல்ல குழாயை ஏன் எறிகிறாய், காசு என்ன மரத்திலா காய்க்குது?" என்று சொந்தக்காரர் முணுமுணுப்பார். நம்மட ஆக்கள் மட்டுமில்லை, நோர்வேக்காரரும் அப்படித்தான்.

புதுக் குழாயை ஊதிச் சுத்தம் செய்து, அமுக்கம் கொடுத்துச் சோதித்துத்தான் பூட்டுவோம். வாயில் மூடி இருந்தால் கழற்ற மறக்கக் கூடாது. சிரிக்காதேங்கோ, மறந்தவர்கள் இருக்கிறார்கள். பிறகு எரிபொருளை ஒரு பாத்திரத்தில் பிடித்து அளப்போம். மேலிருந்து தானாக இறங்கி வரும் அமைப்பென்றால், புறப்படும்போது எஞ்சின் குடிப்பதைப் போல ஒன்றரை மடங்கு வர வேண்டும். கடைசியாக எஞ்சினை ஓட்டி, நிறுத்தி, லைற் பிடித்து ஒவ்வொரு மூட்டாகப் பார்ப்போம். குளிர்காலத்தில் விறைத்த குழாயை வளைக்கவே மாட்டோம், முதலில் கொட்டகையைச் சூடாக்குவோம்.

கழற்றின குழாயை என்ன செய்வீர்கள் என்று முன்வரிசையில் ஒரு அக்கா கேட்கிறா. தோட்டத்துக்குத் தண்ணி விட ஆகுமோ எண்டு. இல்லை அக்கா. அந்த இடத்திலேயே இரண்டாக வெட்டிப் போடுவம். முழுசாக வைத்தால், அவசரத்துக்கு ஆரோ ஒருத்தன் எடுத்துத் திரும்பப் பூட்டிப் போடுவான். நானே பூட்டியிருப்பன்.