நீதியரசர் ஜைனியும் ஜைனர் சட்டமும்

(பகவான் மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரை)

  

நம் சமயத்தில் தோன்றிய நீதிபதி ஒருவரைப் பற்றிப் பேசுமாறு விழாக்குழுவினர் பணித்தார்கள். நம் ஊர்ப்பக்கத்தவர் ஒருவரை நான் தேர்ந்தெடுப்பேன் என்று எதிர்பார்த்திருக்கலாம். நான் எடுத்துக்கொண்டவர் இந்தூர் உயர்நீதிமன்ற நீதிபதியாக விளங்கிய ஜகமந்தர்லால் ஜைனி அவர்கள். அவருடைய உழைப்பு நம் பொன்னூர் மலையைத் தொட்டு நிற்கிறது என்பதே காரணம்.

அவர் 1881ஆம் ஆண்டு பிறந்தார். எம்.ஏ. பட்டமும் பாரிஸ்டர் தகுதியும் பெற்று, ஹோல்கார் அரசரின் ஆட்சிக்குட்பட்ட இந்தூரில் நீதிபதியானார். 1927இல் மறைந்தார். நாற்பத்தாறு ஆண்டு வாழ்வு. அதற்குள் அவர் செய்தவற்றை எண்ணும்போது நமக்கு நாணமே உண்டாகிறது. 1916இல் ஜைன சமயத்தை ஆங்கிலத்தில் சுருக்கமாக விளக்கும் அவருடைய நூல், லண்டன் ஜைன இலக்கியச் சங்கத்துக்காகக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகத்தில் வெளிவந்தது. 1920இல் தத்துவார்த்த சூத்திரத்தை மொழிபெயர்த்து வெளியிட்டார். நேமிச்சந்திர சித்தாந்த சக்கரவர்த்தி அருளிய கோம்மடசாரத்தையும் பிரம்மசாரி சீதளபிரசாத் அவர்களின் துணையோடு மொழிபெயர்த்தார். கங்க அரசின் அமைச்சரும் தளபதியுமான சாமுண்டராயரின் பொருட்டு எழுந்த நூல் அது. அரசுப் பொறுப்பில் இருந்த ஒருவருக்காக எழுதப்பட்ட அதனை, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு கழித்து அரசுப் பொறுப்பில் இருந்த மற்றொருவரே ஆங்கிலத்துக்குக் கொணர்ந்தார்.

இம்மொழிபெயர்ப்புகள் வெளிவந்த ஜைனப் புனித நூல் வரிசையின் மூன்றாம் தொகுதி பஞ்சாஸ்திகாயம். அதனை 1920இல் மொழிபெயர்த்தளித்தவர் நம் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் அவர்கள். அதே வரிசையில் ஜைனி மொழிபெயர்த்த சமயசாரம், அவர் மறைந்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் 1930இல் வெளிவந்தது. இவ்விரு நூல்களையும் அருளியவர் குந்தகுந்த ஆச்சாரியர். பொன்னூர் மலையில் நாம் தொழும் திருவடிகள் யாருடையவை என்று இந்த அவைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி, நான் பேச வந்த செய்திக்கு வருகிறேன். 1916ஆம் ஆண்டிலேயே ஜைனி 'ஜைனர் சட்டம்' என்ற நூலையும் வெளியிட்டார். பத்திரபாகு சம்ஹிதையின் சட்டப் பகுதியை மொழிபெயர்த்துத் தந்த நூல் அது. அம்மூல நூலின் காலம் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு நீதிபதி இதற்கு ஏன் இத்துணை பாடுபட்டார்?

புத்திரன் இடும் பிண்டத்தால் தந்தை நற்கதி அடைகிறான் என்பது ஸ்மிருதிகளின் கொள்கை. ஆகவே அங்கே சுவீகாரம் ஒரு சமயச் சடங்கு. கணவனின் ஆன்ம நலம் கருதியது. கணவனின் அனுமதி அதற்கு வேண்டும். நம் கொள்கையோ அன்று. ஒருவன் செய்த வினையை அவனே நுகர்ந்து கழிக்க வேண்டும். மகன் இட்ட பிண்டம் எவரையும் கரையேற்றாது. எனில் சுவீகாரம் வெறும் உலகியல் ஏற்பாடே. கைம்பெண் தானே ஒரு மகனை ஏற்கலாம். வடநாட்டு அகர்வால் ஜைனர்களிடையே இவ்வழக்கம் நிலவியதைப் பிரிவி கவுன்சில் 1878இல், தாகோ என்னும் கைம்பெண்ணின் வழக்கில் ஏற்றுக்கொண்டது. ஆனால் ஏற்றது சாத்திரத்தின் பேரால் அன்று. சாட்சிகள் நிறுவிய வழக்கத்தின் பேரால். வழக்கத்தை மெய்ப்பிக்க முடியாத இடத்தில் ஜைனர்க்கும் இந்து சட்டமே. ஜைனி நீதிபதியாக இருந்ததால் இந்த நிலையை நன்கு அறிந்திருந்தார்.

இதன் கடுமையை எங்கள் குடும்பமும் அறியும். என் பாட்டியாரின் தமக்கை, நாங்கள் பெரியம்மாயி என்போம், 1930களில் மகப்பேறின்றிக் கணவரை இழந்தார். உறவில் ஒரு சிறுவனைச் சுவீகாரம் எடுக்க விரும்பினார். கணவர் எழுதிவைத்த அனுமதி இல்லை. சென்னை மாகாணச் சட்டப்படி, அது இல்லையெனில் பங்காளிகளின் இசைவு வேண்டும். அவர் காலத்துக்குப் பின் நிலம் யாரைச் சேருமோ அவர்களிடமே இசைவு கேட்க வேண்டிய நிலை! அவர்கள் தரவில்லை. வக்கீல் கேட்டாராம்: "உங்கள் சமூகத்தில் இவ்வழக்கம் உண்டென்றால் ஒரு பத்திரமாவது காட்டுங்கள்." பெரியவர்கள் இரண்டு மூன்று ஊர்களைச் சொன்னார்கள், தாள் ஒன்றும் இல்லை. வழக்கே தொடுக்கப்படவில்லை.

சென்னை உயர்நீதிமன்றத்தில் கட்டெப்பா எதிர் எரம்மா என்ற வழக்கு 1927ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் இடம்பெற்றுள்ளது. அதுவும் ஜைனக் கைம்பெண்ணின் சுவீகாரம் பற்றியதே. அதில் நீதியரசர் குமாரசுவாமி சாஸ்திரி, ஜைனர் இந்து சமயத்திலிருந்து பிரிந்தவர் அல்லர் என்றும், ஜைன சமயம் ஸ்மிருதிகளுக்கு நெடுங்காலம் முற்பட்டது என்றும் தற்கால ஆராய்ச்சி காட்டுவதாகக் கூறினார். கேள்வி புதிதாக எழுந்திருப்பின் அவ்வாறே முடிவு செய்யத் தாம் விரும்பக்கூடும் என்றார். ஆனால் கேள்வி புதிதன்று. முந்தைய தீர்ப்புகள் கையைக் கட்டியிருந்தன. ஜைனி மறைந்ததும் அதே 1927இல்தான்.

1956ஆம் ஆண்டின் சட்டங்கள் வந்தபின் அக்கேள்வியே எழவில்லை. கைம்பெண் சுவீகாரம் எடுக்கலாம். அவள் கையிலுள்ள சொத்து அவளுக்கே முழு உரிமை. அச்சட்டங்கள் ஜைனர்க்கும் பொருந்தும். ஆனால் பெரியம்மாயி விரும்பிய சிறுவனுக்கு அப்போது முப்பது வயது கடந்துவிட்டது. பதினைந்து வயது நிரம்பியவரைச் சுவீகாரம் எடுக்கச் சட்டத்தில் பொதுவாக இடமில்லை. எனவே நிலத்தை அவர் பேருக்குச் செட்டில்மெண்ட் பத்திரமாக எழுதிவைத்தார். மகன் என்று அந்தப் பத்திரத்தில் எழுத முடியவில்லை; "என்பால் அன்புள்ளவர்" என்றிருக்கிறது.

நம் வீட்டுப் பரண்களில் 1956க்கு முந்தைய பாகப்பத்திரங்கள், சுவீகாரப் பத்திரங்கள், பஞ்சாயத்து முச்சலிக்காக்கள் இன்னும் இருக்கக்கூடும். இந்த அறக்கட்டளை அவற்றைப் படியெடுத்துத் தொகுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மூலத்தைக் கொடுக்க வேண்டாம்; ஒரு நாள் இரவல் தந்தால் போதும். பெரியம்மாயியின் பத்திரத்தை இன்று கையோடு கொண்டுவந்திருக்கிறேன். விழா முடிந்ததும் செயலாளர் அவர்களிடம் தருகிறேன்.