அச்சகத்திற்குச் செல்லும் கோப்பும் நம் எழுத்தும்



ஆண்டுதோறும் நம் பள்ளிகளில் மலர் வெளியிடுகிறோம். கட்டுரை திரட்டி, மெய்ப்புப் பார்த்து, கோப்பை அச்சகத்திற்கு அனுப்பியவுடன் நம் பொறுப்பு முடிந்தது என்று எண்ணிவிடுகிறோம். ஒரு முறை நாங்களும் அவ்வாறே எண்ணினோம். மூவர் மெய்ப்புப் பார்த்த மலர் அச்சாகி வந்தபோது, அட்டையில் 'செந்தமிழ்' என்னும் சொல்லின் ஒற்றைக்கொம்பு சகரத்தின் முன்னே நில்லாமல் பின்னே நகர்ந்து, அடுத்த எழுத்தோடு ஒட்டி நின்றது. 500 படிகளிலும் அதே பிழை.

பிழை எங்கிருந்து வந்தது? ஒருங்குறியில் கொம்பு, மெய்க்குப் பின்னரே சேமிக்கப்படுகிறது. அதனை முன்னே கொண்டுவந்து காட்டுவது எழுத்துருவும் மென்பொருளும் சேர்ந்து செய்யும் பணி. நாங்கள் அனுப்பியதோ திருத்தத்தக்க மூலக்கோப்பு. இந்திய எழுத்துகளுக்குரிய அமைப்பைத் தெரிவு செய்யாத மென்பொருளில் அது திறக்கப்பட்டது. அச்சகத்தார்க்குத் தமிழ் தெரியாது. அவர்களைக் குறைகூறுதல் முறையன்று.

ஆகவே, எழுத்துருக்கள் உட்பொதிக்கப்பட்ட பிடிஎஃப் கோப்பையே அனுப்புதல் வேண்டும். அட்டைத் தலைப்பை வரைகோட்டு வடிவமாக மாற்றிவிட்டால் எழுத்து இடம்பெயர வழியில்லை. ஆனால் அதன்பின் ஓர் எழுத்தையும் தட்டச்சில் திருத்த இயலாது. மாற்றுமுன் மூலத்தைத் தனியே காத்தல் நலம்.

வண்ணத்திலும் நம் எழுத்துக்கு இடர் உண்டு. திரை ஒளியால் காட்டுகிறது. அச்சு சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்னும் நான்கு மைகளால் காட்டுகிறது. திரையில் பளிச்சிடும் பச்சை தாளில் மங்குவது இதனால்தான். அதனைப் பொறுத்துக்கொள்ளலாம். சிறிய எழுத்தை நான்கு மைகளாலும் அச்சிட்டால், மைகள் மயிரிழை விலகினாலும் புள்ளி கலங்கிவிடும். புள்ளி போனால் மெய் உயிர்மெய்யாகிவிடும் அன்றோ? பாடப்பகுதியைக் கறுப்பு மை ஒன்றினால் மட்டுமே அமைத்தல் வேண்டும். அடர்வண்ணப் பின்னணியில் சிறிய வெள்ளை எழுத்தும் வேண்டா. மை பரவிப் புள்ளியை மூடிவிடும்.

படங்கள் அச்சிடும் அளவில் அங்குலத்திற்கு 300 புள்ளி அடர்த்தி கொண்டிருத்தல் நன்று. 4 அங்குல அகலப் படத்திற்கு 1,200 படப்புள்ளிகள் தேவை. வாட்ஸ்அப் வழி வந்த படம் பெரும்பாலும் சுருக்கப்பட்டிருக்கும். எடுத்தவரிடமே மூலப்படத்தைக் கேட்டுப் பெறுக. விளிம்புவரை செல்லும் வண்ணத்தை வெட்டுக்கோட்டிற்கு வெளியே 3 மில்லிமீட்டர் நீட்டுக.

அச்சகம் அனுப்பும் மாதிரிப் படியில் கையொப்பமிடுமுன், தமிழறிந்த ஒருவர் அதனைத் தாளில், அட்டையிலிருந்தே தொடங்கிப் படித்தல் வேண்டும். எங்கள் மூவரும் அட்டையைப் பார்க்கவே இல்லை.