ஏரி தீப்பிடித்த கதை

(ஹெப்பகோடி கற்போர் கூட்டத்தில் பேசியது)



தண்ணீர் எரியுமா? எரியாது. வீடு தீப்பிடித்தால் அணைக்க ஓடிப்போய் எடுப்பதே தண்ணீரைத்தான். ஆனால் 2015-ஆம் ஆண்டு மே மாதம் பெங்களூரில் ஓர் ஏரி எரிந்தது.

அதன் பெயர் பெள்ளந்தூர் ஏரி. ஹெப்பகோடியில் பஸ் ஏறினால் எலக்ட்ரானிக் சிட்டி வரும். பிறகு சில்க் போர்டு. அங்கே ரிங் ரோட்டில் திரும்பினால் கொஞ்ச தூரம்தான். சுமார் 900 ஏக்கர் ஏரி அது. பெங்களூரிலேயே பெரியது.

அந்த ஏரியில் முதலில் வந்தது தீ அல்ல, நுரை. வெள்ளை வெளேர் என்று, பஞ்சுப் பொதி போல. காற்றடித்தால் நுரை பறந்து ரோட்டில் விழும். ஸ்கூட்டரில் போனவர்கள் மேல் ஒட்டும். பார்க்க அழகு. பக்கத்தில் போனால் மூக்கைப் பொத்த வேண்டும்.

நுரை எங்கிருந்து வந்தது? நம் வீட்டு வாளியிலிருந்து. துணி துவைத்த தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர், கக்கூஸ் தண்ணீர் எல்லாம் சாக்கடையில் சேர்ந்தன. நகரத்துச் சாக்கடையில் ஒரு பங்கு சுத்தம் செய்யப்படாமலே இந்த ஏரிக்குப் போனது. தண்ணீர் ஏரியின் மதகு வழியே கீழே விழுகிறது. பாலை ஆற்றும்போது நுரை பொங்குகிறது அல்லவா? அதே மாதிரிதான். விழுகிற வேகத்தில் காற்று உள்ளே புகும். சோப்பு கலந்த தண்ணீர் அந்தக் காற்றை மெல்லிய தோல் போலச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். அதுதான் நுரை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நுரை அதிகம் வந்தால் அழுக்கு அதிகம் போகும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. அழுக்கை எடுப்பது சோப்பு. நுரை வெறும் காற்று. ஒரு கரண்டி தூள் போதும் என்ற இடத்தில் மூன்று கரண்டி போட்டால் காசும் நுரையும்தான் போகும்.

சரி, தீ எப்படி வந்தது?

சாண எரிவாயு அடுப்பை ஊரில் பார்த்திருப்பீர்கள். சாணத்தைக் காற்றுப் புகாத தொட்டியில் ஊற வைத்தால் வாயு வரும். அடுப்பு எரியும். அந்த வாயுவுக்கு மீத்தேன் என்று பெயர். ஏரியின் அடியிலும் இதுவே நடந்தது. சாக்கடை நீர் ஆகாயத்தாமரைக்கு நல்ல உரம். அது ஏரி முழுக்கப் படர்ந்தது. செடிகள் அழுகிச் சேற்றில் விழுந்தன. கீழே காற்று இல்லை. ஏரியே ஒரு பெரிய சாணத் தொட்டி ஆகிவிட்டது. மேலே மிதந்த நுரையில் எண்ணெய்ப் பசையும் இருந்தது. ஒரு பொறி போதாதா?

சதுப்பு நிலத்தில் இரவில் தெரியும் வெளிச்சத்தைக் கொள்ளிவாய்ப் பிசாசு என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். அதற்கும் இந்த மாதிரி வாயுதான் காரணம் என்று பல விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். பெள்ளந்தூரில் பிசாசு நிஜமாகவே வந்தது!

2017 பிப்ரவரியில் மறுபடியும் தீ. இந்த முறை குப்பையும் காய்ந்த செடியும் எரிந்தன. வானம் முழுக்கப் புகை. 2018 ஜனவரியில் ஏரிக்குள் காய்ந்து கிடந்த புல் பற்றிக்கொண்டது. தீயணைப்பு வண்டி போக வழி இல்லை. பட்டாளத்துக்காரர்கள் இறங்கி அணைத்தார்கள். இதற்கிடையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டது. 2020-இல் சேறு அள்ளும் வேலை தொடங்கியது.

இது பெங்களூர்க்காரர் கவலை, நமக்கென்ன என்று யாராவது கேட்கலாம். இந்தத் தண்ணீர் எங்கே போகிறது தெரியுமா? பெள்ளந்தூரிலிருந்து வர்த்தூர் ஏரிக்கு. அங்கிருந்து தட்சிண பினாகினி ஆற்றுக்கு. கன்னடத்தில்தான் அந்தப் பெயர். தமிழில் அதுவே தென்பெண்ணை. ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணையில் அந்த நுரையைப் பார்த்தவர்கள் உண்டு. அதற்குக் கீழே கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை, கடைசியில் கடலூர். இங்கே வேலைக்கு வந்திருக்கும் பலருக்கு அந்த ஆற்றங்கரையில்தான் வீடு இருக்கிறது, வயல் இருக்கிறது. அங்கே அம்மாவும் அப்பாவும் நெல்லுக்குப் பாய்ச்சுவது இந்த ஆற்றுத் தண்ணீரைத்தான்.