பாட்டும் பாடபேதமும்



ஓலைச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பிக்கும் அறிஞர்கள் 'பாடபேதம்' என்றொரு சொல்லை வழங்குவதுண்டு. ஒரே செய்யுள் ஒரு சுவடியில் ஒருவிதமாகவும் மற்றொரு சுவடியில் சிறிது மாறியும் காணப்படுமாயின், அம்மாற்றத்துக்குப் பாடபேதம் என்று பெயர். நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் சங்க இலக்கியம் அன்று, சினிமாப் பாட்டு. ஆயினும் அந்தச் சொல்லை இரவல் வாங்கிக்கொள்கிறேன்.

மேனாட்டு மெல்லிசை உலகில் 'சிங்கிள்' என்னும் தனித்தட்டில் ஒரு பாட்டு ஒருவிதமாகவும், 'ஆல்பம்' என்னும் நெடுந்தட்டில் அதே பாட்டு வேறுவிதமாகவும் வருவது வழக்கம். இவற்றை அவர்கள் 'வெர்ஷன்' என்பார்கள். அலுவலகத்தில் நாள்தோறும் மொழிபெயர்ப்புச் செய்து பிழைப்பவன் ஆதலால், இதற்கு நேரான தமிழ்ச்சொல் யாது என்ற மயக்கம் எனக்கு நெடுநாள் இருந்தது. 'வடிவம்' என்றால் போதவில்லை. 'பதிப்பு' என்றால் புத்தகம் நினைவுக்கு வருகிறது. பாடபேதமே பொருத்தம் என்று இப்போது தோன்றுகிறது.

இந்தப் பேதம் ஏன் நேர்கிறது? பெரும்பாலும் காலத்தின் நெருக்கடியால். 1967-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் 'டோர்ஸ்' குழுவினர் 'லைட் மை ஃபயர்' என்ற பாட்டை நெடுந்தட்டில் ஏறத்தாழ 7 நிமிடம் பாடினர். வானொலி நிலையங்களுக்கோ மூன்று நிமிடத்துக்கு மேற்பட்ட பாட்டு ஆகாது. ஆகவே வாத்தியங்கள் தனித்து முழங்கும் நடுப்பகுதியை வெட்டித் தனித்தட்டு போட்டார்கள். அந்த வெட்டுண்ட பாட்டுத்தான் ஊரெங்கும் புகழ்பெற்றது. 1970-இல் 'பீட்டில்ஸ்' குழுவினரின் 'லெட் இட் பி' வந்தபோது நேர்ந்தது வேறு. மார்ச் மாதம் வந்த தனித்தட்டு ஜார்ஜ் மார்ட்டினின் கைவண்ணம். மே மாதம் வந்த நெடுந்தட்டோ ஃபில் ஸ்பெக்டரின் கைவண்ணம். பாடியவர் ஒருவர், சொற்களும் அவையே. கிட்டார் தனியாக ஒலிக்கும் இடமோ இரண்டிலும் வெவ்வேறு. இவற்றுள் எது உண்மையான பாட்டு என்று அந்நாட்டு ரசிகர்கள் இன்றளவும் வாதாடுகிறார்கள்.

நம் நாட்டில் இந்த வழக்கு இன்னும் பழையது. 78 சுற்று இசைத்தட்டு ஆண்ட காலத்தில், பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் சுமார் 3 நிமிடந்தான் ஓடும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையவர்கள் கோவில் வீதியில் மணிக்கணக்காக வாசித்த தோடியும் அந்தச் சிறு வட்டத்துக்குள் அடங்கியே ஆகவேண்டும். பேசும்படம் வந்த புதிதில் நடிகர்கள் படப்பிடிப்பின்போதே வாய்விட்டுப் பாடினார்கள். இசைத்தட்டுக்காக அதே பாட்டைக் கம்பெனியின் ஒலிப்பதிவுக் கூடத்தில் மறுபடியும் பாடுவது வழக்கமாக இருந்தது. ஆகவே கொட்டகையில் கேட்ட பாட்டும், வீட்டில் ஊசி வைத்துக் கேட்ட பாட்டும் ஒன்றல்ல. அப்படங்கள் பலவற்றின் பிரதிகள் அழிந்துபோக, தட்டில் ஏறியது மட்டும் நமக்கு எஞ்சியிருக்கிறது. கரையான் தின்றது போக மீந்த ஏடு போல.

தட்டின் முகப்பில் அச்சிடும் பெயர்கூட மாறுபட்டதுண்டு. 1949-இல் வந்த 'மஹல்' என்ற ஹிந்திப் படத்தில் லதா மங்கேஷ்கர் பாடிய பாட்டொன்று நாட்டையே மயக்கியது. முதலில் வந்த தட்டில் அவர் பெயர் இல்லை. கதாநாயகியின் பெயரான 'காமினி' என்பதே பாடகியின் பெயராக அச்சாகியிருந்தது. பாடியவர் யார் என்று நேயர்கள் வானொலிக்கு எழுதிக் கேட்க, வானொலி இசைத்தட்டுக் கம்பெனியைக் கேட்டுப் பெயரை அறிவித்தது. பாடியவரின் பெயர் மக்களுக்குக் கிடைத்தது ஒலிபரப்பின் வழியாகத்தான். வானொலி நேயர்கள் எழுதும் கடிதங்களை அற்பமாக எண்ணுவோர் இதைச் சற்று நினைத்துக்கொள்ள வேண்டும்.

இனி என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தப் பொருளில் எனக்கு ஈடுபாடு வந்ததே அதனால்தான்.

1991-ஆம் ஆண்டு தீபாவளிக்கு மணிரத்னம் இயக்கிய 'தளபதி' வெளிவந்தது. இளையராஜாவின் இசை. அதன் ஒலிநாடாவை வெளியிட்டது எங்கள் பெங்களூரைச் சேர்ந்த லஹரி நிறுவனம் என்பதில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு ஒரு பெருமை. அதற்கும் எங்களுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்பது வேறு. எனக்கு அப்போது பத்து வயது. ஸ்ரீராமபுரத்தில் குடியிருந்தோம். அசல் நாடா வாங்க வசதியில்லை. கடைத்தெருவில் ஒருவர் வெற்று நாடாவில் படியெடுத்துத் தருவார். அறுபது நிமிட நாடா. ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம். கடைசியாக வைத்தது ஜேசுதாசும் ஜானகியும் பாடிய 'புத்தம் புதுப் பூ'. இறுதிச் சரணத்தின் நடுவே நாடா தீர்ந்துவிட்டது. 'டக்' என்று ஓர் ஓசை, அத்துடன் சரி. ஏடெழுதுவோர் ஓலை போதாமல் அடியை விட்டுவிடுவார்கள் என்று பின்னாளில் படித்தபோது, எனக்கு அந்தக் கடைக்காரர் முகந்தான் தோன்றியது.

படத்துக்கு அடுத்த மாதம் அழைத்துப் போவதாக அப்பா சொல்லியிருந்தார். அடுத்த மாதம் வேறு செய்தி வந்தது. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை அரசிதழில் வெளியாக, டிசம்பரில் நகரத்தில் கலவரம் மூண்டது. தமிழர் குடியிருப்புகள் பல தீக்கிரையாயின. அந்த நாட்களில் எங்களைத் தம் வீட்டு உள்ளறையில் வைத்துக் காத்தவர் பக்கத்து வீட்டுக் கன்னட அஜ்ஜி. என் கையில் அந்த ஒலிநாடா இருந்தது. ஏன் அதை எடுத்துக்கொண்டு ஓடினேன் என்பது இன்றும் எனக்கு விளங்கவில்லை. அம்மா அதைப் பார்த்துவிட்டுக் கண்ணாலேயே 'வேண்டாம்' என்றாள். அஜ்ஜி கவனித்திருக்க வேண்டும். சிறிது நேரம் கழித்துத் தம் பெட்டியில் 'கீதா' படத்துப் பாட்டை மெல்ல வைத்தார். 1981-இல் சங்கர் நாக் எடுத்த கன்னடப் படம். "இதூ நிம்ம இளையராஜாதே, மகூ" என்றார். அந்த மெட்டை நான் முன்பே அறிவேன். 'நூறாவது நாள்' என்ற தமிழ்ப் படத்தில் 1984-இல் வேறு சொற்களோடு வந்தது. எங்களுடையது பிறகு வந்தது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். தமிழே முதல், கன்னடம் நகல் என்று பள்ளிக்கூடத்தில் அதுவரை சண்டை போட்டு வந்தவன் நான்.

'தளபதி'யைக் கண்டது மறு ஆண்டுக் கோடை விடுமுறையில், கிருஷ்ணகிரியில், மாமாவோடு. ஆறு மாதமாகப் பாட்டுகளைக் கேட்டுக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் நானே காட்சிகளை அமைத்து வைத்திருந்தேன். 'புத்தம் புதுப் பூ'வுக்காகக் காத்திருந்தேன். இடைவேளை வந்தது, பாட்டு வரவில்லை. படமே முடிந்து விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

"பாட்டை வெட்டிட்டாங்களா மாமா?" என்று கேட்டேன்.

"இந்த ஆபரேட்டரு எப்பவும் இப்படித்தான்டா. கடைசி பஸ்ஸைப் புடிக்கணும்னு ரீலை எடுத்துடுவான்" என்றார் மாமா, வெகு உறுதியாக.

பல ஆண்டுகள் அந்த ஆபரேட்டரை நான் மன்னிக்கவில்லை. கல்லூரியில் படிக்கும்போதுதான் உண்மை தெரிந்தது. அந்தப் பாட்டு ஒலிநாடாவில் உண்டே தவிர, வெளிவந்த படத்தில் எங்குமே கிடையாது. பெயர் தெரியாத அந்த மனிதர்மீது சுமத்திய பழியை எங்கே போய் இறக்கி வைப்பது?

இதே கதி 1981-இல் 'அலைகள் ஓய்வதில்லை' படத்தின் 'புத்தம் புதுக் காலை'க்கும் நேர்ந்தது. வெளிவராத வேறொரு படத்துக்காக அமைந்த மெட்டு, ஜானகி பாடியது, இசைத்தட்டில் இடம்பெற்றது, படத்தில் இல்லை. ஆயினும் தமிழ்நாட்டில் அதை அறியாதார் உண்டோ? அதைப் பரப்பியதில் வானொலிக்கு முக்கியப் பங்குண்டு. நாம் அறிவிக்கும்போது 'அலைகள் ஓய்வதில்லை படத்திலிருந்து' என்றே சொல்கிறோம். இலக்கணப்படி அது பிழை. அன்பின்படி பிழையன்று என்பது என் கட்சி. பின்னர் 2014-இல் வந்த 'மேகா'வில் அப்பாட்டு இடம்பெற்றது. முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து அதற்கு ஒரு படம் கிடைத்தது.

இப்போது தமிழ் சினிமாவிலும் 'சிங்கிள்' என்ற சொல்லே நேரடியாக வழங்குகிறது. 2011 நவம்பரில் அனிருத் இசையில் தனுஷ் பாடிய 'கொலவெறி' தனியாக வெளிவந்து உலகைச் சுற்றியது. '3' என்ற அந்தப் படம் வந்தது 2012 மார்ச்சு இறுதியில். பாட்டு முன்னே வந்துவிடுவதால், படத்தில் அதைக் காண்பவர்கள் தாம் முன்பு கேட்டதோடு ஒப்பிட்டுக் குறை சொல்கிறார்கள்.

குறை சொல்வதில் தவறில்லை. என் அச்சம் வேறு. கைப்பேசியில் பாட்டுக் கேட்கும் என் மகளுக்கு, ஒரு பெயருக்கு ஒரு பாட்டுத்தான். படக்காட்சியில் ஒரு சரணம் குறைந்திருந்தால், அந்தக் குறைந்த பாட்டே அவளுக்கு முழுப்பாட்டு. இது படத்தில் வந்தது, இது தட்டில் வந்தது என்று பிரித்துச் சொல்லும் குறிப்பு பல இடங்களில் இல்லை. டாக்டர் உ. வே. சாமிநாதையர் தமக்குச் சிறந்ததெனப்பட்ட பாடத்தை மேலே வைத்தார். மற்றவற்றைத் தூக்கி எறியவில்லை. அடிக்குறிப்பில் பிரதிபேதங்களாகக் காட்டினார். பிற்காலத்தார் அவருடைய தீர்ப்பை மறுக்க விரும்பினாலும் அதற்குரிய சான்றை அவரே கையில் கொடுத்துவிட்டுப் போனார். சினிமாப் பாட்டுக்கு இத்தனை மரியாதையா என்று சிலர் சிரிக்கலாம். சிரிக்கட்டும். வீட்டில் பழைய தட்டோ நாடாவோ வைத்திருப்போர், அதைக் குப்பையில் போடுமுன், எந்தப் படம், எந்தக் கம்பெனி, எத்தனை நிமிடம் என்று ஒரு சீட்டில் எழுதியாவது வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஸ்ரீராமபுரத்து நாடா இன்னும் என்னிடம் இருக்கிறது. சென்ற மாதம் மகளுக்கு அதைப் போட்டுக் காட்டினேன். கைப்பேசியில் முழுப்பாட்டையும் கேட்டிருந்தவள், 'டக்' என்ற ஓசை வந்ததும், "அப்பா, பாட்டு கட் ஆயிடுச்சு" என்றாள். நாடாவின் உறையில் அதைக் குறித்து வைக்கச் சொன்னேன். அவள் எழுதிய தமிழில் இரண்டு பிழைகள் இருந்தன. திருத்தாமல் அப்படியே வைத்திருக்கிறேன்.